உள்ளங்கை அளவுச் சட்டை

1

இந்தக் கதை எனக்கு ஒரு கட்டுரையின் மிச்சமாகக் கிடைத்தது. ஏற்றுமதி வரை போன பெண் தொழில்முனைவோரைப் பற்றி ஒரு வர்த்தகச் சங்கம் மலர் போட்டது. அதற்கு ஒருவரைப் பேட்டி எடுக்கப் போயிருந்தேன். குறைமாதக் குழந்தைகளுக்குச் சட்டை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர் அவர். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். நான் பேனாவை மூடிய பிறகுதான் பேசத் தொடங்கினார். முடிவில், "இதையும் எழுதுங்க. ஆனா என்னை நல்லவளா ஆக்கிடாதீங்க," என்றார்.

மலர் வந்துவிட்டது. அதில் இது இல்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "வறுமை துரத்த, தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்த இரு பெண்கள்..."

வேண்டாம். வறுமை யாரையும் துரத்தவில்லை.

"விதவை அண்ணியைக் கைவிடாத நாத்தனார்..."

இதுவும் வேண்டாம். அண்ணன் உயிரோடுதான் இருக்கிறார். வேறு ஊரில் வேலை.

நடந்ததைச் சொல்கிறேன். அவரை வீட்டில் சின்னு என்பார்கள். (கதைக்குள் வந்ததும் 'அவர்', 'அவள்' ஆகிவிடுகிறார். பொறுத்துக்கொள்ளுங்கள்.) சின்னுவின் அண்ணிக்கு ஏழாம் மாதத்திலேயே குழந்தை பிறந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் குழாயும் ஒயருமாகக் கிடந்த அதற்கு எந்தச் சட்டையும் சேரவில்லை. அண்ணி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து பழைய மல் துணியில் தானே ஒன்று தைத்தாள். தலைவழியாக மாட்ட வேண்டியதில்லை. விரித்து, குழந்தையை மேலே கிடத்தி, குழாயை அசைக்காமல் இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டுவிடலாம். தோலில் உரசாதபடி தையல் எல்லாம் வெளிப்பக்கம். அதைப் பார்த்த நர்ஸ் இன்னும் சில தைத்துத் தர முடியுமா என்று கேட்டாள். தைத்து முடிப்பதற்குள் குழந்தை போய்விட்டது. தைத்தவற்றை மற்றக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டு அண்ணி வீட்டுக்கு வந்தாள்.

(இங்கே ஒரு பத்தி அழுகை எழுதி வைத்திருந்தேன். அண்ணி அழவில்லையாம். எடுத்துவிட்டேன்.)

3

அதைத் தொழிலாக்கியவள் சின்னுதான். அதை யாரும் மறுக்க முடியாது. வெட்டுவதும் தைப்பதும் அண்ணி. ஆலைக்காரனோடு மல்லுக்கட்டுவது, சாயம் தோலைக் கெடுக்காது என்று சான்று வாங்குவது, சுங்கத் தரகரிடம் நயமாகவும் காரமாகவும் பேசுவது எல்லாம் சின்னு. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து அவளுக்கு வாய் இருந்தது.

வெளிநாட்டுக் கண்காட்சி ஒன்றில் பெண்களின் சிறு நிறுவனங்களுக்கென்று ஒரு வரிசை ஒதுக்கியிருந்தார்கள். சின்னு மட்டும் போனாள். எதிர்க் கடையில் வாசனை மெழுகுவத்தி, கூட்டம் அலைமோதியது. இவள் கடையில் ஈ கூட நிற்கவில்லை. கண்காட்சி முடியப்போகும் நேரத்தில் ஒரு பெண் வந்தாள். குறைமாதக் குழந்தைகளுக்கு வேண்டிய பொருள்களை மட்டும் விற்கும் கடைக்காரி. சட்டையை உள்ளங்கையில் விரித்துப் பார்த்துவிட்டு, இப்படித் தைக்கலாம் என்று எப்படித் தோன்றியது என்று கேட்டாள்.

சின்னு அண்ணியைப் பற்றித்தான் சொல்ல நினைத்தாள். "என் குழந்தைக்காக," என்று வந்துவிட்டது.

[வந்துவிட்டது என்று எழுதுவது சலுகை. சொன்னாள். "என் குழந்தைக்காக" என்று சின்னு சொன்னாள். அது பிழைக்கவில்லை என்றும் சொன்னாள்.]

கடைக்காரியின் கண் நிறைந்துவிட்டது. அவளுக்கும் அப்படி ஒன்று போயிருந்தது. சின்னுவின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். அவர்களுடைய முதல் பெரிய ஆர்டர் அதுதான்.

4

அடுத்த வருஷம் அந்தக் கடைக்காரி நேரில் வந்தாள். தையல் கூடத்துக்குள் நுழைந்ததும் சின்னுவைக் கட்டிக்கொண்டு ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றாங்க?" என்று அண்ணி கேட்டாள்.

"துணி மெத்துனு இருக்குன்னு சொல்றாங்க அண்ணி."

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் வெட்டுகிற கையோடு பேச வேண்டும் என்று விருந்தாளிக்கு ஆசை. போனை எடுத்து அதில் தன் மொழியில் பேசினாள். போன் செய்தி வாசிப்பதுபோல் தமிழில் சொன்னது: "உங்கள் நாத்தனாரின் இறந்த குழந்தைக்காக வருந்துகிறேன். நீங்கள் அந்தக் குழந்தையைப் பார்த்திருக்கிறீர்களா?"

(நல்ல கதையாசிரியன் இங்கே இயந்திரங்களை நிறுத்தியிருப்பான். அவை ஓடிக்கொண்டுதான் இருந்தன.)

அண்ணி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். சின்னுவைப் பார்த்தாள். பிறகு போனுக்கு அருகில் குனிந்தாள்.

"பாத்திருக்கேன். தலை நெறைய முடி."

போன் அதை மொழிபெயர்த்தது. கடைக்காரி அண்ணியின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். சின்னு ஏற்கெனவே அடுக்கியிருந்த சட்டைகளைக் கலைத்து மறுபடியும் அடுக்கினாள்.

5

விருந்தாளியின் கார் போன பிறகு சின்னு, "அண்ணி, நான் வேணும்னு..." என்று இழுத்தாள்.

அண்ணி துணித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "பேரையும் சொல்லிட்டியா?"

"என்ன பேரு?"

குழந்தைக்குப் பெயர் வைத்திருந்தார்கள் என்பதே சின்னுவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அப்ப சரி," என்றாள் அண்ணி.

சண்டை இல்லை, சாடை இல்லை. அந்த ஆர்டரை முடித்துக் கொடுத்தாள். இரண்டு பெண்களுக்கு வெட்டப் பழக்கினாள். பிறகு அண்ணன் வேலை பார்க்கும் ஊருக்குப் போய்விட்டாள். புருஷன் இருக்கிற இடத்துக்குப் பெண்டாட்டி போனால் யார் ஏன் என்று கேட்கப் போகிறார்கள்?*

* நான் கேட்டேன். "நீங்க ஒருத்தர்தான் கேட்டீங்க," என்றார் சின்னு.

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் சின்னு கடைக்காரியிடம் உண்மையைச் சொல்கிறாள், அவள் மன்னிக்கிறாள். நன்றாகவே வந்தது, அதனாலேயே கிழித்தேன். இன்னொன்றில் அண்ணி திரும்பி வருகிறாள். பெட்டியோடு வாசல்வரை கொண்டுவந்தேன். அதற்குமேல் அவள் கால் எடுத்து வைக்க...

உண்மையில் சின்னு இன்றுவரை சொல்லவில்லை. அந்தக் கதையைக் கடைக்காரி தன் வாடிக்கையாளர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சட்டைகள் போகின்றன; எங்கெங்கோ குழந்தைகள் அவற்றைப் போட்டுக்கொண்டு பிழைக்கின்றன. அதைக் கெடுக்க மனசு வரவில்லை என்றார். பயமும்தான் என்றார்.

அண்ணியிடம் பெயரையாவது கேட்டிருக்கலாமே என்றேன்.

"எந்த முகத்தை வெச்சுக்கிட்டு?"

அண்ணி இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் கூப்பிடுகிறாள். துணி வந்துவிட்டதா, புதுப் பெண்கள் ஓரத்தை ஒழுங்காக மடிக்கிறார்களா என்று விசாரிப்பாள். பிறகு கொஞ்ச நேரம் வைக்காமல் இருப்பாள். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்கும்.

அந்த இடத்தில் நான் எழுத வேண்டிய ஒரு வரி இருக்கிறது. என்னால் முடியவில்லை. போன் இன்னும் சின்னுவின் காதில் இருக்கிறது. அண்ணியும் வைக்கவில்லை. பெயரைக் கேட்கச் சொல்வதானால், சின்னுவிடம் நீங்கள் சொல்லுங்கள்.