ஐந்தும் ஏழும்

லோர்னா கடைசி ஒயரை ஸ்பார்க் பிளக்கின் தலையில் அழுத்தினாள். ‘டக்’கென்று பிடித்துக்கொண்டது. இடுப்பைப் பிடித்தபடி பானெட்டுக்கு அடியிலிருந்து நிமிர்ந்து, “ம், சாவியத் திருப்பு” என்றாள்.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஆர்வில் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். “ஜன்னல் திறந்திருக்கா?”

“திறந்துதான் இருக்கு.”

“தூங்கிட்டிருந்தான்னா?”

“இந்தச் சத்தத்துல செத்தவனே எழுந்துப்பான். திருப்பு.”

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவளுக்கு உறைத்தது. ஆர்வில் எதுவும் கேட்காதவன் போலச் சாவியைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

ஷெட்டுக்கு எதிரே பத்தடி தூரத்தில் டெல்மரின் படுக்கையறை ஜன்னல். ஆஸ்பத்திரியிலிருந்து, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று சொல்லி அனுப்பியபோது, கட்டிலை அந்த ஜன்னலை ஒட்டிப் போடச் சொன்னவன் அவன்தான். காலையில் வந்த நர்ஸ் மூச்சைக் கவனித்துவிட்டு, “இன்னிக்கு, இல்லேன்னா நாளைக்கு” என்று சமையலறையில் வைத்துச் சொன்னாள். மகள் கிறிஸ்டா அலாஸ்காவிலிருந்து கிளம்பியிருந்தாள். இரண்டு விமானம் மாறி வந்து சேர நாளை மதியமாகிவிடும். லோர்னா செய்யக்கூடியது ஒன்றுதான் மிச்சமிருந்தது. நேராக ஷெட்டுக்குப் போனாள்.

அவள் டெல்மரின் மனைவியல்ல. பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் விவாகரத்து ஆகிவிட்டது. காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் அவள் ஒரே கதையைத்தான் சொல்வாள். தேங்க்ஸ்கிவிங் விருந்து நாளுக்கு முந்தின இரவு, பெயின்ட் நன்றாக இறுக வேண்டும் என்று என்ஜினின் இரண்டு மூடிகளை அவளுடைய சமையல் ஓவனுக்குள் வைத்துச் சுட்டான் டெல்மர். மறுநாள் விருந்துக்கு வந்த பதினான்கு பேரும் ஆரஞ்சுப் பெயின்ட் வாடையடித்த வான்கோழியைத் தின்றார்கள். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அதற்கு முன்பிருந்த இருபது வருடங்களை அவள் சொல்வதில்லை. பின்முற்றத்தில் களை மூடிக் கிடந்த ஏழு கார்கள், சனிக்கிழமை தவறாமல் பழைய இரும்புக் கிடங்குகள், கிறிஸ்டாவின் பள்ளி நாடகத்தன்று காலியாக இருந்த ஒரு நாற்காலி.

ஷெட்டில் நிற்கும் இந்த செவெல் கார் அந்த ஏழில் ஒன்றல்ல. அவள் போன பிறகு அந்த ஏழு கார்களையும் விற்றுவிட்டு இதை வாங்கினான். எழுபதாம் வருடத்து வண்டி. மேற்கு வர்ஜீனியாவில் ஒரு கோழிக்கொட்டகையில் கிடந்தது. தரை துருப்பிடித்து ஓட்டையாகி, அதன் வழியே ஒரு செடி முளைத்து ஜன்னல் வரை வளர்ந்திருந்தது. என்ஜின் இல்லை. வேறு எந்த என்ஜினை வைத்தாலும் ஓடும். ஆனால் வண்டியின் உடம்பில் அடித்திருக்கும் எண்ணே என்ஜினிலும் இருக்க வேண்டும் என்று டெல்மர் பதினோரு வருடம் தேடினான். கடைசியில் கென்டக்கியில் ஒரு மர அறுவைக் கொட்டகையில் ரம்பத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது அந்த என்ஜின். எண்ணைத் துடைத்துப் பார்த்ததும் அங்கேயே மரத்தூளில் உட்கார்ந்துவிட்டான் என்று கூடப் போயிருந்த நண்பன் ஆர்வில் சொல்வான்.

எல்லாம் பூட்டி, சிவப்பு அடித்து, பிளக் ஒயர் மாட்டுவது மட்டும் பாக்கி இருந்தபோது ஜூலையில் படுத்தான். ஆர்வில் மாட்டியிருக்கலாம். ஆனால் அவனுக்கு இப்போது காபிக் கோப்பையைக்கூட இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. அதனால்தான் லோர்னா. கார்களுக்கு ஒயர் கட்டும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் நின்று வேலை பார்த்தவள்.

என்ஜின் இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. ஷெட்டின் தகரச் சுவர்கள் அதிர்ந்தன. ஆர்வில், “யேஏஏய்!” என்று கத்தினான். ஆனால் வண்டி குலுங்கியது. கார்புரேட்டர் வழியாகப் பட்டாசு மாதிரி வெடித்தது.

“புதுசாப் பூட்டின என்ஜின், அப்படித்தான் இருக்கும்!” என்றான் ஆர்வில். “கொஞ்ச நேரம் ஓடினா சரியாயிடும்!”

லோர்னா ஜன்னலுக்குப் போனாள். டெல்மர் கண்ணை மூடியிருந்தான். மருந்தின் மயக்கத்தில் இரண்டு நாளாகப் பேச்சில்லை. அவன் உதடு அசைந்தது. அவள் சட்டத்தில் கையூன்றித் தலையை உள்ளே நீட்டினாள்.

“மிஸ்ஸிங் அடிக்குது.”

“என்ன?”

“அஞ்சு... ஏழு.”

கட்டிலுக்கு அந்தப் பக்கம் இருந்த நர்ஸ், “மணி கேக்கறாரோ? பதினொண்ணு ஆகுதுங்க” என்றாள்.

லோர்னாவுக்குக் காது வரை சூடு ஏறியது. டிரைவர் பக்கத்துக் கடைசி இரண்டு பிளக்குகள். ஐந்தாவது ஒயரை ஏழிலும் ஏழாவதை ஐந்திலும் செருகியிருக்கிறாள். பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் எல்லோரும் செய்கிற தப்பு. அவள் செய்யக்கூடாத தப்பு.

“மாத்திப் போட்டுட்டேனா?”

டெல்மர் ஒரு கண்ணை மட்டும் திறந்தான். மூச்சை இரண்டு தடவை சேர்த்துக்கொண்டான்.

“இருபத்திரண்டு வருஷம்... உனக்குச் சம்பளம் வேற குடுத்தாங்களா?”

அவள் சிரித்துவிட்டாள். “வாய மூடிட்டுப் படு. வந்து பேசிக்கறேன்.”

ஓடிப்போய் அணைக்கச் சொன்னாள். என்ஜின் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. ஒயரைப் பிடுங்கும்போது புகைக்குழாயில் மணிக்கட்டு பட்டு ‘சுர்’ரென்றது. கையை உதறிவிட்டு இரண்டையும் இடம் மாற்றினாள். ஒயரிலிருந்த எண்ணைச் சத்தமாகப் படித்தாள். “அஞ்சு. ஏழு. திருப்பு.”

இந்த முறை இருமவில்லை. ஆழமான, சீரான உறுமல். பானெட்டின் விளிம்பில் அவள் வைத்திருந்த திருப்புளி அசையாமல் இருந்தது. ஆர்வில் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

அவள் ஜன்னலுக்குப் போகாமல் சமையலறை வழியாகச் சுற்றி அறைக்குள் வந்தாள். நர்ஸ் டெல்மரின் கையைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்போ?” என்றாள் லோர்னா.

“இப்பத்தான். வண்டி நின்னிருந்தப்பவா, மறுபடி ஓடினதுக்கப்புறமான்னு...” நர்ஸ் தயங்கினாள். “சத்தம் கேட்டதும் நான் ஜன்னல் பக்கம் திரும்பிட்டேங்க. மன்னிச்சுக்குங்க.”

“அதனால என்ன.”

வெளியே ஆர்வில் இரைந்தான். “டெல்மர்! இப்ப ஏதாவது குறை சொல்லுடா பாப்போம்!”

நர்ஸ் எழுந்தாள். “நான் போய்ச் சொல்லட்டுமா?”

“வேண்டாம். கொஞ்சம் ஓடட்டும்” என்று சொல்லிவிட்டு, லோர்னா போர்வையை இழுத்து அவன் பாதத்தை மூடினாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து எரிந்த மணிக்கட்டை ஊதினாள்.

வெள்ளிக்கிழமை அடக்கம். விடியற்காலையிலிருந்து மழை. கிறிஸ்டா ஜன்னலில் நின்று, “அம்மா, என் வாடகைக் கார்லயே போயிடலாம்” என்றாள்.

“அப்பா வண்டியில போறோம்.”

“அதுக்கு வைப்பரே இல்ல.”

“மெதுவாப் போலாம்.”

கண்ணாடியில் வழிந்த நீருக்குள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு லோர்னா ஓட்டினாள். கிறிஸ்டா பக்கத்து ஜன்னல் வழியே தலையை வெளியே நீட்டி, “இடது பக்கம்மா, தபால் பெட்டி! தபால் பெட்டி!” என்று கத்திக்கொண்டே வந்தாள். கல்லறைத் தோட்டத்து வாசலை அடைந்தபோது மகளின் முடியெல்லாம் சொட்டியது. அழுகிறாளா, மழையா என்று லோர்னா பார்க்கவில்லை.

உள்ளே பாதையோரம் பதினோரு கார்கள் வரிசையாக நின்றன. மஞ்சள், நீலம், கறுப்பு. டெல்மரோடு சனிக்கிழமைகளில் சுற்றியவர்களின் வண்டிகள். வானத்தில் ஒரு கருத்த மேகத்தைப் பார்த்தாலே வண்டியை ஷெட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்துகிற மனிதர்கள். சர்ச்சில் ஆராதனை முடிந்து வருவதற்குள் தூறல் விழுந்துவிடும் என்று பெற்ற மகளின் கல்யாணத்துக்கே பிக்கப் வண்டியில் போனவன் ஒருவன் அவர்களில் இருந்தான்.

பாதிரியார் சுருக்கமாகவே பேசினார். மழை வலுத்தது. மெழுகு பூசிய பானெட்டுகளின் மேல் தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு உருண்டது. ஆர்வில் தன் வண்டியைத் திரும்பிப் பார்த்தான். அவன் கை தானாகப் பின்பாக்கெட்டுக்குப் போய், வண்டி துடைக்க அங்கே மடித்து வைத்திருந்த துணியின் நுனியைத் தொட்டது. பிறகு வெறுங்கையாகத் திரும்பி வந்து மற்றக் கையைப் பிடித்துக்கொண்டது.