இரண்டு ஃபைல் வந்த நாட்கள்

மருத்துவமனைக் கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே, பிரிண்டருக்குப் பக்கத்துப் பெஞ்சில் லேப் அக்கா காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் வேலைநீக்கக் கடிதம். அடையாள அட்டையையும் கழற்றி வாங்கிவிட்டார்கள். பதினோரு நாள் ரத்தப் பரிசோதனை முடிவுகளை அவள் அனுப்பவே இல்லையாம்.

உள்ளே, லேப் ஃபைல் வந்ததா என்று தினமும் சரிபார்க்கும் கம்ப்யூட்டர் ஸ்கிரிப்டை எழுதியவள் தன் வரியையே முறைத்துக்கொண்டிருந்தாள். 'ரிசல்ட்' என்று தொடங்கும் ஃபைல் இருக்கிறதா என்று பார்க்கும் வரி. அந்தச் சொல்லுக்குப் பின்னால், மீதிப் பெயர் எதுவானாலும் சரி என்பதற்கு ஒரு நட்சத்திரக் குறி. ஒரு ஃபைல் இருந்தால் ஒழுங்காகச் சொல்லும். இரண்டு இருந்தால் நட்சத்திரம் இரண்டு பெயராக விரியும். ஒன்றை மட்டுமே சோதிக்கத் தெரிந்த வரி திணறிப்போய், 'ஃபைல் வரவில்லை' என்று எழுதிவிடும். அது போட்ட கூச்சலும் யார் காதிலும் விழவில்லை. பிழைச் செய்தி எதுவும் கண்ணில் படக்கூடாது என்று மேனேஜர் முன்பே சொல்லியிருந்தார், அவளும் அதன் வாயை அடைத்துவைத்திருந்தாள். இப்போது தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, அந்த நாள்ல எல்லாம் ரெண்டு ரெண்டா அனுப்பினீங்களா?"

"ஆமா. அவசர வார்டு கூட்டம் ஜாஸ்தியா இருந்தா அதைத் தனி ஃபைலா போட்டுடுவேன். நூறு பேருக்கு நடுவுல டாக்டர் தேடிக்கிட்டு இருக்கணுமா?"

மேனேஜர் ஒரு தாளோடு வந்தார். சிஸ்டத்தில் கோளாறு இல்லை என்று அதில் அடித்திருந்தது.

"வரியைச் சத்தமில்லாம சரி பண்ணிடு. கடிதம் குடுத்தாச்சு. நீ இதுல கையெழுத்து மட்டும் போடு."

"போட மாட்டேன் சார்."

"அப்புறம் உன் வேலையும் போயிடும்."

"போகட்டும். தப்பு என் வரியில. வாயடைக்கச் சொன்னது நீங்க. அவங்க தலையில கட்டாதீங்க."

அவர் முன்னாலேயே வரியை மாற்றினாள். பொருந்தும் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து, அப்படியொரு ஃபைல் நிஜமாகவே இருக்கிறதா என்று பார்க்கும்படி எழுதினாள். பதினோரு நாளுக்கும் ஓட்டினாள். இருக்கிறது, இருக்கிறது என்று திரை நிரம்பியது. நாளுக்கு ஒரு தாளாகப் பிரிண்டருக்கு அனுப்பினாள்.

மேனேஜர் எட்டி மானிட்டரை அணைத்தார்.

வெளியே பிரிண்டர் தாள் தள்ள ஆரம்பித்திருந்தது. காவலாளி பெஞ்சருகே வந்தான். "அட்டை இல்லாதவங்க இங்க உட்காரக் கூடாதும்மா."

"உட்காரலப்பா" என்று அக்கா எழுந்தாள். அடுத்த தாளுக்காகக் கையை நீட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள்.