பிடுங்கிய பந்தக்கால்

பத்திரிகை கொடுத்து முடித்த பிறகு, செம்பரம்பாக்கம் பக்கம் நாங்கள் பிடித்திருந்த மண்டபத்துக்குச் சீல் வைத்துவிட்டார்கள். ஏரி நிலமாம். அடுத்த வாரம் எங்கள் மகள் சுரேகாவுக்கு முகூர்த்தம். ஆவடியிலும் அம்பத்தூரிலும் காலியாக இருந்த ஒன்றிரண்டும் எங்கள் கைக்கு எட்டவில்லை.

அப்போதுதான் வெள்ளானூரில் ஒரு மண்டபம் இருப்பதாகச் சொன்னார்கள். ஏசி. வாடகை பாதி.

"ஆவணி முகூர்த்தத்துல பாதி வாடகைக்கு எவன் தருவான் பார்வதம்?" என்றார் என் கணவர் ஹேமநாதன். தக்காளி வாங்கினாலும் கூடையின் அடியில் கைவிட்டுப் பார்க்கிறவர். அவர் போய் இரண்டு வருஷமாகிறது. இப்போது நானும் அப்படித்தான் வாங்குகிறேன்.

மண்டபத்து மேனேஜர் கோபி குளிர்பானம் கொடுத்தான். இவர் அதைத் தொடவில்லை. குழாய்களைத் திறந்து பார்த்தார். சமையல்கட்டில் மோந்து பார்த்தார்.

"இன்னா சார், சிபிஐ கணக்கா பாக்குற," என்று சிரித்தான் கோபி.

"பொண்ணைக் கட்டிக் கொடுக்கிறவன் அப்படித்தான் தம்பி பார்ப்பான்."

ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால் போனவர் என்னைக் கூப்பிட்டார். சுவரோரம் ஒரு பந்தக்கால் கிடந்தது. அடியில் ஈரமண். மஞ்சள் பூச்சு அப்படியே இருந்தது. கட்டிய மாவிலைகூடக் காயவில்லை. வீட்டு வாசலில் இடமில்லாத வாடகைக் குடித்தனக்காரர்கள் மண்டபத்திலேயே கால் நடுவதுண்டு. ஆனால் கல்யாணம் முடியும் முன் அதைப் பிடுங்க யாருக்கு மனசு வரும்?

"அது போன மாசம் ஒரு பார்ட்டி நட்டது சார்," என்றான் பின்னாலேயே வந்த கோபி.

"போன மாசம் ஆடி. ஆடியில யாருப்பா பந்தக்கால் நட்டாங்க?"

கோபி தலையைச் சொறிந்தான். "பொண்ணோட அப்பா திடீர்னு தவறிட்டாரு சார். அண்ணனூர் பார்ட்டி. சாவு உயுந்த ஊட்ல இனிமே எங்க கல்யாணம்?"

"அவங்க அட்வான்ஸ் கையில இருக்கிறதாலதான் எங்களுக்குப் பாதி வாடகையா? அவங்க வந்து வேணாம்னு சொன்னாங்களா?"

"சாவு ஊட்ல போய் எப்பிடி சார் கேக்குறது?"

இவர் என்னைப் பார்த்தார். அப்பா இறந்தால் முப்பது நாளுக்குள் கல்யாணத்தை முடிக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கோபிக்கு அது தெரியவில்லையா, தெரியாத மாதிரி இருந்தானா என்பது இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான்.

"ஏங்க, நமக்கும் நாள் இல்லையே," என்றேன்.

"ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடலாம்."

அண்ணனூரில் சாவு வீட்டை விசாரித்துக்கொண்டு போனோம். இறந்தவரின் மனைவி வடிவு கதவைப் பாதிதான் திறந்தாள். பின்னால் படத்துக்கு முன் விளக்கு எரிந்தது.

"யாரு நீங்க? இன்னா வோணும்?"

"அடுத்த வாரம் வெள்ளானூர் மண்டபத்துல உங்க வீட்டுக் கல்யாணம் நடக்குதாம்மா?"

"ஏன் நடக்காது? மாப்ள ஊட்டுக்காரங்களே இந்தத் தேதியில முடிச்சிடலாம்னுட்டாங்க. நடக்காதுன்னு எவன் சொன்னது?"

அவள் எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். கல்யாணத்தைக் கலைக்க வந்தவர்கள் என்றே நினைத்திருப்பாள். இவர் மெதுவாகச் சொன்னார்.

"மண்டபத்தை வேற ஆளுக்கு விடப் பாக்கிறாங்கம்மா. இப்பவே நாலு பேரைக் கூட்டிக்கிட்டுப் போங்க. ரசீதை மறக்காம எடுத்துக்கோங்க."

"நீங்க யாருண்ணே?"

"அந்த வேற ஆள் நாங்கதான்."

வடிவு கதவை முழுசாகத் திறந்தாள். உள்ளே வரச் சொல்ல வாயெடுத்தவள், சாவு வீடு என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டாள்.

வண்டியை எடுக்கும்போது சுரேகா போன் செய்தாள்.

"மண்டபம் கெடச்சுதாப்பா?"

"இல்லம்மா. பூந்தமல்லி பக்கம் இன்னும் பாக்கல," என்றார். ஏறி உட்காரும்படி எனக்குக் கையைக் காட்டினார்.