இல்லாத வாசலில் ஓர் ஒட்டகம்

1

இந்தக் கதை எனக்குக் காதுவலியால் கிடைத்தது. காது, தொண்டை மருத்துவரின் அறைக்கு வெளியே காத்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவர். அவருக்கு அந்தப் பக்கம் கழுத்தில் மஃப்ளர் சுற்றிய கணவர், ஒரு சபையின் போதகர். தொண்டையில் அறுவைச் சிகிச்சை, பேசக் கூடாது என்று உத்தரவு. ஆகவே மனைவி பேசினார்.

முதல் வரியைப் பலவிதமாக எழுதிப் பார்த்தேன். "ஆதிக் கிறிஸ்தவத்தைக் கரைத்துக் குடித்தவர் அந்த அம்மையார்" என்பது அதில் ஒன்று. எனக்கே கொட்டாவி வந்தது.

2

வேத வசனங்களை முதல் சில நூற்றாண்டுகளில் யார் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று தேடுவதுதான் பேராசிரியையின் வேலை. பணக்காரன் பரலோகம் போவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது சுலபம் என்று வருகிறதல்லவா? வசதியுள்ளவர்கள் மனம் நோகாதபடி அதற்கு என்னென்ன பொருள் சொன்னார்கள் என்று ஆராய்ந்துதான் பட்டம் வாங்கினார். அது ஒட்டகமே இல்லை, தடித்த கயிறு என்றார்கள் சிலர். வெகுகாலம் கழித்து வந்தவர்கள், ஊசியின் காது என்பது மதிலில் இருந்த சின்ன வாசல், சுமையை இறக்கி மண்டியிட்டால் ஒட்டகம் நுழைந்துவிடும் என்றார்கள்.*

(* அப்படி ஒரு வாசல் இருந்ததற்கு ஆதாரம் கிடையாது. இதை எழுதி எழுதியே அவருடைய கண்ணாடியின் பவர் ஏறியது.)

போதகருக்கோ அந்த வாசல்மேல் உயிர். வருஷத்துக்கு ஒருமுறையாவது பிரசங்கத்தில் ஒட்டகத்தை மண்டியிட வைத்துவிடுவார். அன்று மதியம் சண்டை நிச்சயம்.

"அந்த வாசல் கிடையாதுங்க."

"ஜனங்களுக்குப் புரியுதில்ல? விடேன்."

3

அறுவை முடிந்த வாரம் சபைச் செயலாளர் வீட்டுக்கு வந்தார்.

"ஐயா எழுதித் தரட்டும், நீங்க வாசிச்சிருங்கம்மா. நம்ம சபையில பெண்கள் பிரசங்கம் பண்றதில்ல, உங்களுக்குத் தெரியாததா? அதனால பீடத்துல ஏறாம கீழ நின்னு, எழுதினத அப்படியே. ஒரு வார்த்தை கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

ஆதிச் சபைகளில் பேசிய பெண்களைப் பற்றிப் பேராசிரியை ஒரு புத்தகமே போட்டிருக்கிறார். அலமாரியிலிருந்து எடுத்து நீட்ட அலுப்பாக இருந்தது. "சரி" என்றார்.

போதகர் எழுதிக் கொடுத்த தாளில், நடுப்பக்கத்தில், அந்த வாசல்.

[இங்கே நான் முதலில் எழுதியது: அவர் தாளைக் கசக்கி எறிந்தார். நிமிர்ந்து, சிங்கம்போல

அந்த வரியை அடித்துவிட்டேன். சிங்கமெல்லாம் இல்லை. முட்டிவலியோடு நின்றிருந்தார்.]

ஞாயிறு ஆராதனையில் வாசித்துக்கொண்டே வந்தார். முதல் வரிசையில் கணவரின் உதடுகளும் சத்தமில்லாமல் கூடவே அசைந்தன. வாசல் நெருங்கியதும் அந்த உதடுகள் நின்றன. மருத்துவரிடம் கையை நீட்டிவிட்டு வலிக்காகக் காத்திருப்பவரைப்போலக் கண்களை மூடிக்கொண்டார்.

பேராசிரியை ஒரு மூச்சு எடுத்தார். ஒட்டகம் மண்டியிட்டது, நுழைந்தது. கடைசி வரிசையிலிருந்த அவருடைய பழைய மாணவி தலையைக் குனிந்துகொண்டாள்.

மதியம் போதகர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: "ஏன் திருத்தலை?"

"எத்தனை வருஷம்தான் திருத்துறது? பாவம், அந்த ஒட்டகம். இன்னைக்கு ஒரு நாள் போயிட்டுப் போகட்டும்னு விட்டேன்."

போதகர் சிரிக்கவில்லை. சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு மறுபடி எழுதினார்: "அடுத்த வாரம் நீயே எழுது."

"நானா? அவங்க என்ன சொன்னாங்க, இவங்க என்ன சொன்னாங்கன்னு கேளுங்க, சொல்றேன். நீ என்னம்மா சொல்றேன்னு யாரும் என்னைக் கேட்டதில்ல. நானும் கேட்டுக்கல. இப்பக் கேட்டா உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு."

இதை என்னிடம் சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

4

அதற்குள் அவர்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை.

"நல்லா ஆறிடுச்சு ஐயா. இனிமே பேசலாம். எங்க, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார் மருத்துவர்.

பதில் இல்லை.

"வரலையா? மெதுவா முயற்சி பண்ணுங்க."

மறுபடியும் ஒன்றுமில்லை.

"ஆச்சரியமா இருக்கே! சரி, இன்னும் ஒரு வாரம் பேசாம இருங்க."

"அப்ப இந்த ஞாயிறும்..." பேராசிரியையின் குரல் பாதியில் நின்றது.

வெளியே வந்து பேராசிரியை மருந்து வாங்கப் போனார். போதகர் என் பக்கத்தில் உட்கார்ந்து மஃப்ளரைத் தளர்த்தினார். பிறகு, கரகரப்பாக, ஆனால் ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக:

"தம்பி, எழுதுறவர்னு சொன்னீங்கல்ல? இத மட்டும் எழுதிராதீங்க."

5

எழுதிவிட்டேன். ஞாயிறு கழியும்வரை பொறுத்துக்கொண்டேன். அந்த அளவுக்காவது மனசாட்சி உண்டு.

அந்த ஞாயிறு நான் ஆலயத்துக்குப் போகவில்லை. பேராசிரியை கீழேயே நின்றாரா, பீடத்தில் ஏறினாரா, மருந்துக்கடை வரிசையிலேயே கணவரின் பொய் அவருக்குப் புரிந்துவிட்டதா, எதுவும் தெரியாது. மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் அவர் நன்றாகவே பேசினார். ஆனால் மூன்றிலும் என் குரலில்தான் பேசினார்.

அடுத்தவர் எழுதிக் கொடுத்ததை அவர் ஒருமுறை வாசித்தது போதும். வேண்டுமானால் நீங்கள் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். நான் வாயை மூடிக்கொள்கிறேன்.