மூன்று காலில் நின்ற விசிறி

மனைவி றாஹிலா வெளியே போய்க் கேற்றைச் சாத்திய சத்தம் கேட்டதும் ஜெஸீம் கதிரையை விட்டு எழும்பிவிட்டான். போகும்போது அவள் இரண்டு தரம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"மச்சான், கொம்பியூட்டர்ல கை வெச்சிராதீங்க. நாளைக்கு குணம் தம்பி வந்து பாக்கிறெண்டு சொல்லியிருக்கார்."

முதல் தரம் அவனுக்குச் சொன்னாள். இரண்டாம் தரம் அவனுடைய கைகளைப் பார்த்துச் சொன்னாள்.

கத்தார் வேலையை முடித்துக்கொண்டு அவன் ஒரேயடியாக வந்து இரண்டு மாதம். கேற்றின் பிணைச்சலுக்கு எண்ணெய் விட்டான், குழாய்களுக்கு வாஷர் மாற்றினான், கிணற்று மோட்டரைக் கழற்றித் திருப்பிப் பூட்டினான். அதில் ஒன்றும் பழுதாயிருக்கவில்லை என்பதுதான் பிரச்சினை. நம்முடைய பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே, வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து ஏறுகிறவர். ஏறி ஏழு வருசத்தில் வெளிநாடு போய், பதினான்கு வருசத்தில் ஆறு தரம் லீவில் வந்து போன மனிசனுக்கு சீனிப் போத்தல் இருக்கிற தட்டைக்கூடக் கேட்டுத்தான் தெரிய வேண்டியிருந்தது. உட்கார்ந்தால் கால் ஆடும். எழும்பினால் எங்கே போவதென்று தெரியாது. வாசலுக்குப் போய்க் கடற்கரைப் பக்கம் பார்ப்பான், பிறகு திரும்பி வருவான்.

அந்தக் கணினி அவன் முதல் லீவில் வாங்கி வைத்தது. றாஹிலா அதில்தான் ரியூசன் வகுப்புகளுக்கு வினாத்தாள் ரைப் பண்ணிக் கொடுக்கிறாள். மகள் றிஸ்னாவைக் கம்பஸ் வரை கொண்டுபோனதில் அந்த ரைப்புக்கும் பங்கிருந்தது. இப்போது ஒரு மாதமாக, பத்து நிமிடம் ஓடினால் சூடாகி அணைந்துவிடுகிறது. அவள் ஆறவிட்டு, திரும்பப் போட்டு, அடித்துக்கொண்டிருந்தாள். நாளைக் காலையில் பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் பரீட்சை. வினாத்தாள் பாதி முடிந்திருந்தது. இஷாத் தொழுகைக்கு முன்னால் அச்சுக்கு அனுப்பியாக வேண்டும். மிச்சக் கையெழுத்துத் தாள்களை எடுத்துவரத்தான் ரியூசன் சேர் வீட்டுக்குப் போயிருந்தாள்.

சூடு என்றால் தூசு, தூசென்றால் தன் வேலை. பதினான்கு வருசம் தோஹாவில் ஏசி மெசின்களின் வயிற்றைத் துப்புரவாக்கியவன் நாளைக்கு வரப்போகிற குணத்துக்காக ஏன் காத்திருக்க வேண்டும்? வயர்களைப் பிடுங்கி, பெட்டியை மேசையில் பக்கவாட்டாகக் கிடத்தி, மூடியைக் கழற்றினான். உள்ளே மண்ணிறத்தில் ஒரு கம்பளி படர்ந்திருந்தது. சைக்கிள் பம்பைக் கொண்டுவந்து அடித்தான். அசையவில்லை. தோஹாத் தூசு காய்ந்த மணல், ஒரு ஊதலில் பறந்துவிடும். இது உப்புக் காற்றில் நனைந்து, காய்ந்து, திரும்ப நனைந்த தூசு. தார் மாதிரி ஒட்டிக்கிடந்தது. காற்றுக்கு அசையாததைக் கையால் அசைக்கப் போனதுதான் அவன் செய்த பிழை. அங்கே மெசினின் விசிறியைக் கழற்றுகிற பழக்கத்தில் இங்கேயும் விசிறியைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கி இழுத்தான்.

'டக்' என்றது. விசிறியைப் பலகையோடு அழுத்தி வைத்திருக்கிற நாலு பிளாஸ்ரிக் கால்களில் ஒன்று முறிந்து அவன் உள்ளங்கையில் கிடந்தது.

அதை மேசையில் வைத்தான். பிறகு, ஓடுகிறவன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறது போல, மிச்ச வேலையைச் செய்தான். பழைய பல்துலக்கியை ஸ்பிரிட்டில் நனைத்துத் தூசைச் சுரண்டினான். நூல் பிசிறு வந்தது. றிஸ்னா பள்ளிக்கூடக் காலத்தில் அட்டையில் ஒட்டுகிற மினுக்குத் தூள் வந்தது. அவன் இல்லாத வருசமெல்லாம் படை படையாகக் கழன்று வந்தது. ஸ்பிரிட் பட்டதும் ஒரு வாசம் எழும்பியது. விரலை மூக்கடியில் பிடித்துப் பார்த்தான். சாம்பிராணி.

அண்ணன் அக்கா முறையில் இவர்களை நானா, லாத்தா என்று கூப்பிடுகிற குணத்துக்குப் போனில் கோல் எடுத்தான்.

"நானா, லாத்தா உங்களத் தொட வேணாமெண்டு சொல்லல்லியா?"

"சொன்னதான். நீ விசயத்துக்கு வா."

"நாலு காலும் அமத்தினாத்தான் சூட்ட இழுக்கும். புதுக்கால் நாளைக்குத்தான் கொண்டுவரலாம்."

"இண்டைக்கு ஓட வேணுமே மனே."

"இண்டைக்கா? ஆராவது விரலால அமத்திக்கிட்டே இருந்தா ஓடும்." குணம் சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

றாஹிலா வந்தபோது விசிறி திரும்ப ஏறியிருந்தது, அவனுடைய வேலைச் சாமான் பெட்டியில் இருந்த, சூட்டைக் கடத்துகிற வெள்ளைப் பசையின் மேல், மூன்று காலில். முறிந்த நாலாவதை அவள் மேசையில் கண்டாள். கத்துவாள் என்று அவன் காத்திருந்தான். அவள் கையிலிருந்த தாள்களைத்தான் பார்த்தாள்.

"பதினாலு வருசம் ஒங்கட கை ஊட்ல இல்லாம இரிக்கக்க ஒரு சாமானும் ஒடயல்ல" என்றாள்.

ஜெஸீமுக்கு அது எங்கேயோ இறங்கியது. "நீ அடி. நான் புடிச்சிக்கிறன்" என்றான்.

முறிந்த கால் இருந்த மூலையில் விரலை வைத்தான். அவள் பொத்தானை அழுத்தினாள். இலைகள் சுழன்றன, ஒரு நூல் நகர்ந்தால் தோல் போய்விடும். திரை வெளிச்சமானது. அவள் அடிக்கத் தொடங்கினாள். ஐந்து நிமிடம். எட்டு. பத்தாவது நிமிடத்தில் இரண்டு பேருமே திரையைப் பார்த்தார்கள். அணையவில்லை. அவனுக்கு முதுகு வலித்தது, கால் ஆட விரும்பியது, வாசலுக்குப் போய் வர வேண்டும் போலிருந்தது. கை மாற்றக்கூட வழியில்லை.

"புள்ள, இதுக்க கெடந்தது தூசி இல்ல, சாம்பிராணி" என்றான். "ஊடு முழுக்கக் காட்டுறது சரி. இதுக்கு முன்னால கொண்டுவந்து என்னத்துக்குக் காட்டின?"

விசைகள் ஓடிக்கொண்டிருந்தன.

"பின்ன எங்க காட்டுற? நீங்க அதுக்குள்ளதானே இருந்தீங்க."

அவள் தலை திரும்பவில்லை. வியாழக்கிழமைகளில் வீடியோக் கோலில் திரை வெளுத்துப்போவதும், "கெமரா பழுதா?" என்று தான் கேட்பதும், "இல்ல, கொஞ்சம் பொறுங்க" என்று அவள் சொல்வதும் அவனுக்கு ஞாபகம் வந்தது. அப்போது அவன் எரிச்சல்பட்டிருக்கிறான். வெட்டிவிட்டுத் திரும்ப எடுத்திருக்கிறான்.

வெளியே வெயில் மஞ்சளானது. இன்றைக்கும் வியாழன், சாம்பிராணி காட்டுகிற நாள். மஃரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் அவள் எழும்பினாள்.

"இன்னம் ஒம்பது கேள்வி இரிக்கி. கைய எடுத்திராதீங்க."

குசினியில் சிரட்டைத் தணலைச் சட்டியில் அள்ளுகிற சத்தம் கேட்டது. புகை முதலில் வந்தது, பிறகு அவள் வந்தாள். அறைக்கு அறை காட்டிவிட்டு, கால்கள் பழகிய வழியிலேயே மேசைக்கு வந்து, சட்டியைத் திரையின் உயரத்துக்குத் தூக்கியவள் அப்படியே நின்றாள். பெட்டி திறந்துகிடந்தது. யன்னலால் கடற்காற்று வந்து புகையை அந்தப் பக்கமே தள்ளியது. ஜெஸீம் விரலை எடுக்காமல் குனிந்து, மற்றக் கையையும் தோளையும் வைத்து விசிறியை மறைத்தான்.

அவள் முழங்கையால் யன்னலைச் சாத்தினாள். சட்டியைக் கொஞ்சம் இந்தப் பக்கம், அவனுடைய தலைக்கு நேரே நகர்த்தினாள். புகை அவன் முடிக்குள்ளும் சட்டைக் கழுத்துக்குள்ளும் இறங்கியது. கண் எரிந்தது, துடைக்க ஒரு கையும் ஓய்வில்லை. திரையில் முப்பத்தோராவது கேள்வி பாதியில் நிற்க, அதன் முனையில் அந்தச் சின்னக் கோடு மினுங்கி மினுங்கிக் காத்திருந்தது. விரலுக்குக் கீழே விசிறி நடுங்கிக்கொண்டேயிருந்தது.