உக்கிரதந்தன் பெயரை அடித்தது யார்?

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னை மடக்குவதை நான் விரும்பவில்லை. 1969-இல் நான் பொம்மிடி ரயில் நிலையத்தில் பார்சல் குமாஸ்தா. நண்பர்கள் சிலர் சேர்ந்து மாதம் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். ஒரே ஒரு பிரதிதான். என் வீட்டில் உட்கார்ந்து எழுதி, தைத்து, பழுப்பு அட்டை போட்டு அனுப்புவேன். வீட்டுக்கு இரண்டு நாள் என்று பதினோரு வீடு சுற்றிவிட்டு என்னிடமே திரும்பி வரும். அதில் நான் எழுதிய மாயாஜாலத் தொடரில் ஒரு மந்திரவாதி வந்தான். அவன் பெயரை யாரோ அடித்துவிட்டு வேறு எழுதிவிட்டார்கள். அதுதான் கதை.

[இதற்கு முன் மூன்று தொடக்கங்கள் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் மழை பெய்தது. எல்லார் கதையிலும்தான் பெய்கிறது, இதில் ஏன் என்று சந்தேகம் வந்தது. இன்னொன்றில் நான் நல்லவனாக இருந்தேன்.]

2

பிள்ளைக்குப் பெயர் வைப்பதைவிட மந்திரவாதிக்குப் பெயர் வைப்பது கஷ்டம். பிள்ளை என்றால் பங்குச் சாமியார் புனிதர்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போவார், பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். மந்திரவாதிக்கு யாரைக் கேட்பது? முதலில் மண்டைமாலையன் என்று வைத்தேன். பிறகு அக்கினிநாக்கன். கடைசியில் உக்கிரதந்தன் என்று முடிவு செய்தேன். உக்கிரமான பற்களை உடையவன். எழுதும்போது எனக்கே முதுகு சில்லிட்டது. இதழ் திரும்பி வந்தபோது, வாசகர் கருத்துக்கு விட்டிருந்த கடைசிப் பக்கத்தில், "இவருக்குப் பல்வலியா?" என்று ஒருவர் எழுதியிருந்தார்.

பத்திரிகைக்குப் படம் போடுகிற சவுரியப்பன் தன் பங்குக்கு ஒன்று சொன்னார்.

"பேரு நீளமா இருந்தா பயம் வராதுங்க. அவன் பேரச் சொல்லி முடிக்கறதுக்குள்ள சேலம் போயிரலாம்."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஊரில் யாருக்கும் இல்லாத பெயர்தான் பயமுறுத்தும் என்பது என் கட்சி. முனியப்பன் என்றால் எல்லையில் அரிவாளோடு நிற்கிற சாமிதான். ஆனால் அதே பெயரில் நாலு பேர் சந்தையில் வெங்காயம் விற்கிறார்கள், பேரம் பேசி வாங்குகிறோம். பழகிய பெயரில் பயம் தங்காது என்று அன்று வாதாடினேன். இன்று நான் அந்தக் கட்சியில் இல்லை.

3

மூன்றாவது இதழ் சுற்றிவிட்டு வந்தது. உக்கிரதந்தன் என்று வந்த பதினேழு இடத்திலும் பென்சிலால் ஒரு கோடு. அதன் மேல் சின்ன எழுத்தில் 'அவர்' என்று இருந்தது, அதற்கேற்ப 'நுழைந்தான்' 'நுழைந்தார்' ஆகியிருந்தது. அவ்வளவுதான். இளவரசியைக் குகையில் அடைத்துவைத்திருக்கும் அத்தியாயம் அது. நான் எழுதியது இப்படி:

'மாலையானதும் உக்கிரதந்தன் குகைக்குள் நுழைந்தான். இன்று யாரோடு பேசினாய் என்று கேட்டான்.'

இப்போது இப்படி இருந்தது:

'மாலையானதும் அவர் குகைக்குள் நுழைந்தார். இன்று யாரோடு பேசினாய் என்று கேட்டார்.'

கிண்டல் இல்லை என்பது படித்ததுமே தெரிந்தது. பட்டப்பகலில், பார்சல் ஆபீசில், போர்ட்டர்கள் போடும் சத்தத்துக்கு நடுவில், என் தொடரைப் படித்து நான் முதன்முதலாகப் பயந்தேன்.

புருஷன் பெயரை வாயால் சொல்லாத பெண்கள் எங்கள் பக்கத்து வீடுகளில் எப்படிப் பேசுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். 'அவரு' என்றால் ஒரே ஒருவர்தான். இந்துவானாலும் எங்களைப் போல் வேதக்காரரானாலும் அதில் வித்தியாசம் இல்லை. ஆக, பதினோரு வீட்டில் ஏதோ ஒரு வீட்டில் ஒருத்தி பயந்துகொண்டே குடித்தனம் செய்கிறாள். யாரிடமும் சொல்ல முடியாமல் என் கதையில் எழுதி ஊரைச் சுற்ற விட்டிருக்கிறாள். அவள் யார் என்று கண்டுபிடித்தே தீருவது என்று கிளம்பினேன். அவளுக்கு உதவவா, அல்லது அவள் வைத்த பெயர் என்னுடையதைவிட நன்றாக இருந்துவிட்ட பொறாமையிலா? அன்றைய என்னை நான் முழுதாக நம்பவில்லை.

* எழுத்தை வைத்தே கண்டுபிடித்திருக்கலாமே என்பீர்கள். பதினோரு ஆண்களின் எழுத்தும் எனக்குத் தெரியும், அட்டையில் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்குவார்கள். பெண்கள் எழுதி நான் பார்த்ததில்லை. என் மனைவி இசபெல்லா எட்டாவது வரை படித்தவள். அவள் அம்மாவுக்குப் போகிற கடிதத்தைக்கூட அவள் சொல்லச் சொல்ல நான்தான் எழுதுவேன், ஏனென்றால்

[இந்த வாக்கியத்தைப் பிறகு முடிக்கிறேன்.]

4

கடைசி வீட்டிலிருந்து பின்னோக்கி விசாரித்தேன். பதினோராவது வீடு அருள்சாமியுடையது. என் கைக்கு வரும்போதே அப்படித்தான் இருந்தது என்றார், என் முகத்தைப் பார்க்காமல். பத்தாவது வீட்டிலும் அதே பதில். ஒன்பதிலும் அதே. ஒருவர்கூட உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. என்னை உட்காரச் சொல்லவும் இல்லை. ஆளாளுக்குத் தன் வீட்டில்தான் எழுதப்பட்டதோ என்று உள்ளூர நடுங்கிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குப் புரிய ஐந்து வீடு ஆயிற்று. பல்வலி என்று எழுதியவரும் அவர்களில் ஒருவர்தான்.

முதல் வீடு மாதுவுடையது. நிலக்கடலை போடுகிறவன், பொய் சொல்லத் தெரியாதவன் என்று ஊரில் பெயர். அப்படிப் பெயர் எடுத்தவர்களைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போனேன். களத்தில் செடியிலிருந்து காய் பறித்துக்கொண்டிருந்தவன் எழுந்து நின்றான்.

"உங்க வூட்டுலேர்ந்து வரும்போதே அப்படித்தான் இருந்துச்சுங்க சார். நீங்கதான் புதுசா ஏதோ எழுதியிருக்கீங்கன்னு நெனச்சேன்."

5

இந்த இடத்துக்கு வேறொரு முடிவு எழுதிவைத்திருந்தேன். அதில் மாது பொய் சொல்கிறான். பெயரை அடித்தவள் அவன் மனைவி தீர்த்தம்மாள். நான் மாதுவைத் தனியாகக் கூப்பிட்டுப் புத்தி சொல்கிறேன், அவன் கண் கலங்கித் திருந்துகிறான். நான்கு பக்கம். அவன் நெற்றியில் ஒரு தழும்புகூட வைத்தேன், பார்த்தாலே முரடன் என்று தெரியட்டும் என்று. பிறகு எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். மாது பொய் சொல்லியிருக்கலாமே என்று இப்போதும் சில நாள் தோன்றும். அது சந்தேகம் இல்லை, ஆசை.

6

நடந்தது இது. சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போனேன். இசபெல்லா அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். பத்திரிகையை அவள் முன்னால் வைத்தேன். நான் கேட்பதற்குள் அவளே சொன்னாள்.

"அனுப்பறதுக்கு முன்னாடி ஒருவாட்டி பொரட்டிப் பாப்பீங்கன்னு நெனச்சேன். பதினோரு வூடு சுத்தணும்னு நெனைக்கலீங்க."

உன்னை ஒரு நாளாவது கை நீட்டி அடித்திருக்கிறேனா என்று கேட்டேன். இல்லை என்றாள். குடித்துவிட்டு வந்திருக்கிறேனா என்றேன். அதுவும் இல்லை. என் சைக்கிள் சந்து திரும்பும் சத்தம் கேட்டால், பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டிருக்கும் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வருவாளாம். அன்று வாசலுக்கு வந்தவர்கள் யார், என்ன கேட்டார்கள், என்ன சொன்னாள் என்பதை நான் வருவதற்குள் மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வாளாம். கல்யாணமான நாளிலிருந்து இரண்டு வருஷமாக, தினமும். மந்திரவாதி கேட்கிற அந்தக் கேள்வியை நான் கற்பனை செய்து எழுதியதாக அதுவரை நினைத்திருந்தேன்.

[முடிக்காமல் விட்ட வாக்கியம்: ஏனென்றால் அவள் என்ன எழுதுகிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.]

எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாக அவமானம். பதினோரு பேர் படித்திருக்கிறார்கள். அவ்வளவு பயம் என்றால் பெயரைச் சொல்லியே எழுதியிருக்க வேண்டியதுதானே, என்ன ஒளிவு மறைவு, இப்போது சொல்லு பார்க்கலாம் என்றேன்.

சொன்னாள். என் பெயரை அவள் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மெதுவாகத்தான் சொன்னாள். ஞானஸ்நானத்தில் வைத்த சின்னப் பெயர், ஊரில் இன்னும் மூன்று பேருக்கு இருக்கிறது. எனக்குப் பின்னால் வேறு எவனோ நிற்கிறான் என்று பயந்து திரும்பிப் பார்த்தேன்.

7

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. இந்தக் கதைக்கு இரண்டு முடிவுகள் தயாராக இருக்கின்றன. ஒன்றில் அவள் மன்னிக்கிறாள். மற்றதில் நான் மாறிவிட்டேன். இரண்டையும் எழுதியவன் நான் என்பதால் இரண்டையும் நம்ப முடியவில்லை. நீங்கள் ஏதாவது எழுதிக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் உங்களுக்கு முன்னால் எழுத வேண்டியவள் ஒருத்தி இருக்கிறாள். கீழே அரைப் பக்கம் காலியாக விட்டு, கடத்தூரில் அவள் அம்மா வீட்டுக்கு இதைத் தபாலில் அனுப்புகிறேன். அன்றைக்கு மறுநாள் காலை பஸ்ஸில் அங்கே போனவள்தான், ஐந்து வருஷம் ஆகிறது. உறையின் மேல் அவள் விலாசத்தை எழுதிவிட்டேன். அனுப்புபவர் பெயரை எழுதினால் பிரிப்பாளா என்றுதான் தெரியவில்லை.