தண்ணீர் வராத புதன்கிழமை

குடிநீர் அலுவலகத்தில் தகவல் தொடர்பு அதிகாரி என்று ஒரு பதவி முளைத்து மூன்று மாதம்தான் ஆகிறது. அதற்குள் அதில் அமர்ந்தவர் அறுபத்திரண்டு பக்கத்துக்குத் திட்டம் தீட்டிப் பெரிய அதிகாரியிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார். புதன்கிழமை பெரிய குழாயை மாற்றுகிறார்கள், நாள் முழுக்க ஊருக்கே தண்ணீர் கிடையாது. இதைச் சொல்வதற்குத்தான் அத்தனை பாடும்.

செவ்வாய் மத்தியானம், சாப்பிடும் இடத்தில் திட்டத்தை மனைவியிடம் நீட்டினார். அதே அலுவலகத்தில் புகார் தொலைபேசியை எடுப்பவள் அவள்தான். முன்னுரையைத் தாண்டி, வண்ணப் படங்களைப் புரட்டி, கடைசிப் பக்கம் வரை போய்விட்டுக் கேட்டாள்.

“ஏங்க, நாளைக்குத் தண்ணி வருமா, வராதா?”

“வராதுன்னுதானே போட்டிருக்கு. மூணாம் கட்டத்துல பாரு. முதல்ல மனசைத் தொடறோம். ரெண்டாவது, குழாயோட பெருமை. அப்புறம்தான் விஷயம். எடுத்த எடுப்புல சொன்னா ஜனங்க மிரண்டுடுவாங்க.”

“மூணாம் கட்டம் என்னைக்கு?”

புரட்டிப் பார்த்தார். “வியாழக்கிழமை.” சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

“நல்லா இருக்கு. போன தடவை ஒரு மணி நேரம் நின்னதுக்கே எங்கம்மா வரைக்கும் இழுத்துத் திட்டினாங்க. நாளைக்கு யார் யாரை இழுப்பாங்களோ.”

சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். பெரிய அதிகாரியிடம் ஓடினார். திட்டத்தைத் திருத்தக் குழு கூட வேண்டுமாம், குழு வெள்ளிக்கிழமை கூடுமாம். ஒலிபெருக்கி கேட்டார். மூன்று பிரதியில் விண்ணப்பம் வேண்டுமாம்.

கடைசியில் அலுவலகத்தின் பழுதுபார்க்கும் வேனின் பின்னால் ஏறி நின்றுகொண்டு தெருத் தெருவாகத் தொண்டை கிழியக் கத்தினார். “நாளைக்குத் தண்ணி வராது. இன்னைக்கே பிடிச்சு வச்சுக்குங்க.”

மாடி ஜன்னலில் ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தாள். “இதைச் சொல்லாம, காலைல குழாயைக் கட்டிப்பிடிச்ச குழந்தை படத்தை எதுக்கு ஒட்டிட்டுப் போனீங்க?”

“அது ரெண்டாம் கட்டம்மா.”

புதன்கிழமை மத்தியானம் வரை புகார் தொலைபேசி மூன்றே முறை அடித்தது. திட்டம் பிரமாதமாக வேலை செய்ததாகப் பெரிய அதிகாரி அவர் தோளைத் தட்டினார். பதில் சொல்ல இவருக்குக் குரல் இல்லை. பெரியவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

மனைவி வெந்நீரை ஆற்றி நீட்டினாள். “பேசாதீங்க, குடிங்க. வந்த போன்ல ஒண்ணு நம்ம எதிர்வீட்டு அக்கா. எல்லா வாசல்லயும் ஒரு தடவை கத்தினவர், பூட்டின நம்ம வீட்டு வாசல்ல மட்டும் நாலு தடவை கத்தினாராமே. நான் இங்க ஆபீஸ்லதான் இருப்பேன்னு தெரியாதா உங்களுக்கு?”

அவர் தம்ளரை முகத்துக்கு நேராகத் தூக்கி, காலியான பிறகும் குடித்துக்கொண்டே இருந்தார்.